காரியமில்லாத பயணம்



பயணம் செய்வது எப்படி என்று நாக்பூர்த் தமிழர்களுக்கு ஒருவன் எழுதித்தான் தெரிய வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைப்புக்காக இங்கே வந்த நாளிலிருந்து நாம் ரயிலோடு வாழ்கிறவர்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸ் எந்த நடைமேடைக்கு வரும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நம் பெட்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். போகும்போது ஆரஞ்சுக் கூடை. வரும்போது காப்பிப் பொடி, அப்பளக் கட்டு, முறுக்கு டின். பல்லார்ஷா தாண்டியதும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காத குடும்பம் நம்மில் உண்டா?

ஆனால் அந்தப் பயணங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தம்பி கல்யாணம், அக்கா பெண்ணின் சீமந்தம், பேரனுக்குக் காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பூர்வீக வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து. நடுராத்திரியில் தொலைபேசி வந்தால் ரிசர்வேஷன் இல்லாமல் ஓடுவது தனி. ஏதாவது ஒரு காரியம் இல்லாமல் நாம் ரயில் ஏறியதே இல்லை. நம் பாஷையில் வேலைக்கும் காரியம் என்று பெயர். இறந்தவருக்குச் செய்யும் சடங்குக்கும் காரியம் என்று பெயர். ஆயுள் முழுவதும் இந்த இரண்டு காரியங்களுக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருக்கிறோம்.

எந்தக் காரியமும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், வருஷத்தில் ஒரே ஒரு தடவை, தனியாக ஒரு பயணம் போய் வாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். எப்படிப் போவது, ஏன் போவது, வீட்டில் என்ன பதில் சொல்வது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏன் தனியாக?

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன் நான். பாதைப் பராமரிப்புப் பிரிவில் 38 வருஷ உத்தியோகம். அந்தக் காலத்தில் எங்களைப் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள். தள்ளு டிராலியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவது வேலை. இட்டார்சிக்கும் ஆம்லாவுக்கும் நடுவில் தாராகோ, மராம்ஜிரி என்று ஒரு மலைப்பாதை இருக்கிறதே, பின்னால் தள்ளுவதற்கு இன்னொரு இன்ஜின் பூட்டுவார்களே, அந்த இடத்தில் எத்தனை மழைக்காலம் நின்றிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அங்கே காடு இருந்தது என்பதை நிதானமாகப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். உத்தியோகத்தில் இருப்பவன் கண் ஃபிஷ்பிளேட்டிலும் ஸ்லீப்பரிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

2018இல் ஓய்வு பெற்றேன். கொரோனா காலம் நீங்கலாக, வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை தனியாகப் போய் வருகிறேன். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் குறும்பாதையில் போயிருக்கிறேன். 1903இல் திறந்த பாதை அது. அதில் 1,143 மீட்டர் நீளமுள்ள பரோக் சுரங்கத்தின் வாயில் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். டார்ஜிலிங் ரயிலில் 2,258 மீட்டர் உயரத்திலிருக்கும் கும் நிலையத்தில் இறங்கிக் குளிரில் நடுங்கியபடி தேநீர் குடித்தேன். வழி முழுவதும் ஒரு சுரங்கம் கூட இல்லாமல், சுற்றி வளைத்தும், பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தும் அந்தப் பாதையை மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். 1998இல் முழுமையாகத் திறந்த கொங்கண் பாதையில் மழைக்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரத்னகிரி வரை போனேன்.

மனைவிக்கு முழங்கால் வலி. அவள் சொன்னது இது: "நீங்க போயிட்டு வாங்க. எப்படியும் ரெண்டு மணி நேரம் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. பக்கத்துல நின்னு நான் என்னத்தைப் பாக்கிறது?" அதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பார்க்கப் பிடித்த பொருள் ஒன்று உண்டு. ஒருவருக்குக் கோயில் சிற்பம், ஒருவருக்குப் பறவை, ஒருவருக்குச் சந்தைக் கடை. குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் பொதுவானதைத்தான் பார்க்க முடியும். அது பெரும்பாலும் ஹோட்டலும் கடைவீதியுமாக முடியும். குடும்பப் பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு ருசி; இது வேறு ருசி.

திட்டத்தில் ஒரு இடைவெளி

பாதை வேலையில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான் என் பயணத் திட்டத்துக்கெல்லாம் ஆதாரம். துண்டுத் தண்டவாளங்களைச் சேர்க்கும் இடத்தில் சின்ன இடைவெளி விடுவோம். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். நம் நாக்பூர் மே மாத வெயிலுக்கு 40 டிகிரி வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை. இடம் விடாமல் நெருக்கிப் போட்டால் தண்டவாளம் நீள வழியில்லாமல் பக்கவாட்டில் வளைந்துவிடும். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்துவிட்டன. அவற்றின் கணக்கு வேறு. ஆனால் பாடம் மாறவில்லை. இடைவெளி என்பது வீணாக விட்ட இடம் அல்ல. பாதையைக் காப்பாற்றுவதே அதுதான்.

ரயில் அட்டவணையிலும் இப்படித்தான். கடைசி ஊருக்கு முந்தைய நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அரை மணிக்கு மேல் நேரம் போட்டிருப்பதைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. வழியில் பாதை வேலை நடக்கும், மெதுவாகப் போகச் சொல்லிக் காஷன் ஆர்டர் இருக்கும், வேறு வண்டிக்கு வழிவிட வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் உபரி நிமிஷங்கள் போடுகிறார்கள்.

ஆகவே என் கணக்கு இது. ஐந்து நாள் பயணமென்றால் நான்கு நாளுக்குத்தான் திட்டம். ஒரு நாள் சும்மா. அதிலும் அந்தச் சும்மா நாளைக் கடைசியில் வைப்பதில்லை. மலையோ காடோ இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைப்பேன், ஏனென்றால் தாமதம் அங்கேதான் வரும். ஒரு நாளைக்கு ஒரு இடம். புது ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குவது. மறுபடி ரயில் ஏறும் நாளில் வேறு எதையும் பார்க்கப் போவதில்லை. இவ்வளவுதான் விதிகள். மற்றபடி எங்கே தின்பது, எந்தத் தெருவில் நடப்பது என்றெல்லாம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எழுதி வைத்தால் அதுவும் ஒரு காரியமாகிவிடும்.

அரக்கு மலையில் ஒரு நாள்

இந்த இடைவெளி எதற்குப் பயன்பட்டது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், மழைக்காலம் முடிகிற சமயத்தில் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போனேன். நாக்பூரிலிருந்து சமதா எக்ஸ்பிரஸில் ஏறினால் கோந்தியா, ராய்ப்பூர், டிட்லாகட், ராயகடா வழியாக விசாகப்பட்டினம் போய்ச் சேரலாம். அங்கே ஒரு ராத்திரி தங்கி, காலையில் கிரண்டுல் போகும் வண்டியைப் பிடித்தேன்.

அந்தப் பாதையைப் பற்றி இரண்டு வார்த்தை. பஸ்தரில் பைலாடிலா மலையிலுள்ள இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்து ஜப்பானுக்கு அனுப்புவதற்காக 1960களில் போட்ட பாதை அது. கொத்தவலசையிலிருந்து கிரண்டுல் வரை சுமார் 445 கிலோமீட்டர், 58 சுரங்கங்கள். ஷிமிலிகுடா என்ற நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 997 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2008இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கும் வரை, நாட்டில் அகலப் பாதையில் மிக உயரமான நிலையம் என்ற பெயர் இதற்குத்தான். 2017 முதல் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியும் இந்தப் பாதையில் வந்தது. நான் சாதாரணப் பெட்டியில்தான் போனேன். ஜன்னல் கதவைத் தூக்கிவிட்டு வெளியே முகத்தை நீட்டுகிற சுகம் கண்ணாடிக்குள் கிடைக்காது.

பொர்ரா குகையைப் பார்த்தேன். அந்தச் சுண்ணாம்புப் பாறைக் குகைக்கு மேலேதான் ரயில் பாதை போகிறது. எல்லோரும் உள்ளே தொங்கும் கல் விழுதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தலைக்கு மேல் பாறையின் கனம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வராததற்கு அப்போது மனதார நன்றி சொன்னேன்.

பிறகு அரக்கில் தங்கினேன். அன்று ராத்திரி முழுக்க மழை. காலையில் மலைப்பாதையில் பாறை சரிந்துவிட்டது, வண்டி வராது என்றார்கள். நான் தங்கியிருந்த விடுதியில் வேறொரு ஊரிலிருந்து வந்த பெரிய குடும்பம், குழந்தைகளோடு பதினொரு பேர். அடுத்த நாள் ஹைதராபாத்தில் விமானம். அவர்களுடைய திட்டத்தில் ஒரு மணி நேரம் கூட உபரி இல்லை. கணவன் மனைவியைக் குறை சொல்ல, மனைவி மாமியாரைப் பார்க்க, குழந்தைகள் அழ, பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பெரியவரிடம் போய், நான் ரயில் பாதைக்காரன் என்று சொல்லிக்கொண்டேன். பாறையை அகற்ற வேண்டும், தண்டவாளம் வளைந்ததா என்று பார்க்க வேண்டும், மேலே மின்கம்பி அறுந்திருந்தால் அதையும் இழுத்துக் கட்ட வேண்டும், அதன் பிறகு இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். "இன்னைக்கு ஓடும்னு காத்திருக்காதீங்க, இப்பவே ரோடு வழியா கிளம்பிடுங்க" என்றேன். இரண்டு வண்டி பிடித்துக் கிளம்பினார்கள்.

எனக்கு ஒரு நாள் கையில் இருந்தது. அன்றைக்கு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. மழை விட்ட நேரத்தில் காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்தேன். சந்தையில் மஞ்சளும் சிறுதானியமும் விற்றுக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்களோடு எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் பேசினேன். மத்தியானம் தூங்கினேன். என் வாழ்க்கையில், பாறை சரிந்த செய்தி கேட்டபின் தூங்கியது அதுதான் முதல் தடவை. உத்தியோகத்தில் இருந்தபோது அப்படிச் செய்தி வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

மறுநாள் வண்டி ஓடியது. சரிவு நடந்த இடத்தில் ஊர்ந்து போனது. பாதை ஓரத்தில் ஏழெட்டுப் பேர், மழைக் கோட்டோடு, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். கேங்மேன்கள். இப்போது டிராக் மெயின்டெய்னர் என்று பெயர். முழு ராத்திரி வேலை செய்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 38 வருஷம் நான் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். ஜன்னலில் வரிசையாக முகங்கள் ஓடும். யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் ஏன் லேட் என்கிற பார்வையாக இருக்கும். அன்றைக்கு நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். கையை வெளியே நீட்டிக் கும்பிட்டேன். அவர்களில் வயதான ஒருவர் திரும்பக் கும்பிட்டார். அந்தப் பயணத்தில் நான் பார்த்த காட்சிகளில் இது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாதது. கூட நாலு பேர் பேசிக்கொண்டு வந்திருந்தால் எனக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

டிக்கெட் விஷயங்கள்

இனி கொஞ்சம் உபயோகமான தகவல்கள். ஓய்வு பெற்ற எனக்கு வருஷத்துக்கு இரண்டு செட் பாஸ் உண்டு. ஏ.ஜி. ஆபீஸ்காரர்களும் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிக்காரர்களும் "உங்களுக்கென்ன சார், ஓசி" என்பார்கள். சரி, பாஸ் இல்லாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்தான் தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. ஆகவே நாலு மாதம் முன்னதாகத் திட்டமிடுகிற பழைய பழக்கம் இனி தேவையில்லை. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது நம் எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே டிக்கெட்டில் தனியாகவோ இரண்டு பேராகவோ போனால்தான் அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும். குடும்பமாக ஆறு பேர் போட்டால் கிடையாது. தனியாகப் போகிறவனுக்கு ரயில்வே காட்டும் சிறு சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப் பயண டிக்கெட் என்று ஒன்று உண்டு. புறப்பட்ட ஊரிலேயே வந்து முடிகிற பயணமாக இருக்க வேண்டும். உதாரணமாக நாக்பூரிலிருந்து ராய்ப்பூர் வழியாக விசாகப்பட்டினம், அங்கிருந்து விஜயவாடா, பல்லார்ஷா வழியாகத் திரும்ப நாக்பூர். மொத்தத் தூரத்தைக் கூட்டி, இரண்டாகப் பகுத்து, இரண்டு நெடும்பயணம் போல் கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு விகிதம் குறையும் என்பதால் துண்டு துண்டாக வாங்குவதைவிடச் செலவு குறைவு. நடுவில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். படுக்கைக்கு மட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக ரிசர்வ் செய்துகொள்ள வேண்டும். பெரிய நிலையத்தில் ரிசர்வேஷன் மேற்பார்வையாளரிடம் போகும் வழியைத் தெளிவாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

தங்குவதற்கு ஸ்டேஷன் ரிடையரிங் ரூம் இருக்கவே இருக்கிறது. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் அதன் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பே பதிவு செய்யலாம். பெரிய நிலையங்களில் ஒருவருக்கு ஒரு கட்டில் மட்டும் போதுமென்றால் டார்மிட்டரியும் உண்டு. சாமான் அறையில் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். ஆனால் பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே சின்னப் பூட்டு ஒன்று கட்டாயம். பை ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏற முடிகிறதா என்று வீட்டு மாடிப்படியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முடியாவிட்டால் பாதியை எடுத்து வெளியே வையுங்கள்.

லாட்ஜும் சாயங்காலமும்

எல்லாம் சுகம்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தனியாகப் போகிறவனுக்கு இரண்டு கஷ்டங்கள் உண்டு.

ஒன்று, லாட்ஜ். ஒரு சின்ன ஊரில் லாட்ஜ் கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து "அகேலே?" என்று இரண்டு தடவை கேட்டார். வயதான ஆள், தனியாக, கல்யாணமோ கேஸோ ஆஸ்பத்திரியோ எதுவும் இல்லாமல் வந்திருக்கிறான் என்றால் அவர்களுக்குப் பயம். அறையை உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால் யார் போலீசுக்குப் பதில் சொல்வது? அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பென்ஷன் அட்டையையும் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் எடுத்து வைத்தேன். வீட்டுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்தேன். என் மனைவி இந்தியில் என்ன சொன்னாளோ, அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, சர்க்கரை இல்லாத டீ வந்தது. அன்றிலிருந்து இதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, சாயங்காலம். காலையிலும் மத்தியானத்திலும் தனிமை தெரியாது. விளக்கு வைக்கிற நேரம் ஒன்று இருக்கிறதே, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, அது கொஞ்சம் கனமான நேரம். தெருவெல்லாம் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஹோட்டலில் நாலு பேர் மேஜையில் நாம் மட்டும் உட்கார்ந்திருப்போம். அப்போது அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது. கோயில் இருந்தால் கோயில், ஆற்றங்கரை இருந்தால் ஆற்றங்கரை. எதுவும் இல்லையென்றால் ரயில்வே பிளாட்பாரம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அரை மணிக்குள் யாராவது, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

"ஏதாவது ஆகிவிட்டால்?"

பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. என் மகள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்: "இந்த வயசுல தனியா எதுக்குப்பா? ஏதாவது ஆயிட்டா?"

வீட்டுக் குளியலறையிலும் ஏதாவது ஆகலாம் என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். அது பதில் ஆகாது. அவள் பயத்தில் பாசம் இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுகிறேன். மாத்திரை இரண்டு செட். ஒன்று பையில், ஒன்று சட்டைப் பையில். பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று அடையாள அட்டையோடு. ரயிலில் எந்த உதவிக்கும், உடம்புக்கு முடியாவிட்டாலும், பாதுகாப்புக்கும் 139 என்ற ஒரே எண். தனியாகப் போகும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020இல் "மேரி சஹேலி" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பெண் காவலர்கள் புறப்படும் நிலையத்திலேயே பெட்டிக்கு வந்து விசாரித்து, வழி நிலையங்களுக்கும் தகவல் சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு ஏற்பாடு எங்கள் வீட்டில் உண்டு. ரயில்வேயில் ஒரு நிலையத்திலிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால் அடுத்த நிலையம் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். நான் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்து, இன்ன ஊரில் இருக்கிறேன், நாளை இன்ன ஊருக்குப் போகிறேன் என்று சொல்வேன். என் மனைவி, "லைன் கிளியர்" என்பாள். அவள் அதைச் சொல்லாமல் நான் அடுத்த ஊருக்குக் கிளம்புவதில்லை. ஒரு தடவை எனக்கு லேசான ஜுரம். குரலை வைத்தே கண்டுபிடித்து, "சிக்னல் டேஞ்சர்ல இருக்கு, பேசாம அங்கேயே படுங்க" என்றுவிட்டாள். ஒரு நாள் படுத்திருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். திட்டத்தில் அந்த ஒரு நாள் இருந்தது.

ஒரு அம்மாவின் முதல் பயணம்

நம் சங்கத்தில் ஒரு அம்மா, பெயர் வேண்டாம். கணவர் காலமாகி நாலு வருஷம். அதற்குப் பிறகு அவர் போனதெல்லாம் மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு. பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. பொங்கல் விழாவில் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "சார், பேடாகாட்ல நர்மதை விழுந்து புகை மாதிரி எழும்புமாமே. அவர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் தனியாப் போக முடியுமா?"

முடியும் என்றேன். முதல் பயணம் கிட்டத்து ஊருக்கு, இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஜபல்பூர் அதற்குச் சரியான ஊர். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: கீழ்ப் படுக்கை, வெளிச்சத்தில் போய்ச் சேர்கிற வண்டி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை, பளிங்குப் பாறைகளுக்கும் துவாந்தார் அருவிக்கும் ஒரு முழு நாள், இடையில் கொஞ்சம் சும்மா நேரம். மகனுக்கு விருப்பமில்லை. தானும் லீவு போட்டு வருகிறேன் என்றாராம். "வேண்டாம்ப்பா, ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? அருவியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அங்கே போய்க் கொஞ்சம் அழுததாகச் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்காதது நிம்மதியாக இருந்ததாம். பிறகு, "நாலு வருஷத்துல முதல் தடவையா, எனக்கு எப்ப வேணுமோ அப்ப காப்பி குடிச்சேன் சார்" என்றார்.

இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. யாருக்கோ அப்பாவாக, அம்மாவாக, மாமியாராக, இன்ன ஆபீஸ்காரராக இருந்து இருந்து, நமக்கு எந்த நேரத்தில் காப்பி வேண்டும் என்பதே மறந்துபோகிறது. அதை ஞாபகப்படுத்திக்கொள்ள இரண்டு ராத்திரி போதும். பெரிய செலவு இல்லை. வெளிநாடு போக வேண்டியதில்லை. நாக்பூர் நாட்டின் நடுவில் இருக்கிறது. டெல்லி–சென்னைப் பாதையும் மும்பை–ஹவுராப் பாதையும் குறுக்கிடும் ஊர். இங்கிருந்து எந்தத் திசையிலும் வண்டி உண்டு. நாற்பது வருஷமாக நாம் தெற்கே போகிற வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற மூன்று திசைகளும் அப்படியே இருக்கின்றன. காலில் தெம்பு இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. படி ஏற முடிகிற வயது எப்போது முடியும் என்று யாருக்கும் முன்கூட்டிச் சீட்டு எழுதித் தருவதில்லை.

கிளம்ப நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். எந்த வண்டி, எந்த வழி, எங்கே இறங்குவது, எல்லாம் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். துணைக்கு வரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.